பொயிலர் அண்ணர் சூடேற்றிய நிலம்

பொயிலர் அண்ணரோடு வாதாடி வென்றவர் திருகோணமலையில் ஒருவரும் இல்லை. கடலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருடைய வளவின் பின்வேலி கடலைப் பார்த்தபடி இருந்தது. மாரிக்கு மாரி கடல் வந்து அந்த வேலியைத் தின்னும். தை பிறந்ததும் அவர் அதே இடத்தில், அதே குழிகளில் கதியால் நட்டு மறுபடியும் வேலி போடுவார். ஓரடி உள்ளே தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டால், "நான் ஏன் தள்ள வேணும்? அது தள்ளட்டும்" என்பார். கடைசியில் ஒரு வருஷம் கடல் அந்த வேலிக்கு முன்னால் ஒரு மணல்மேட்டைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு வேறு பக்கமாகப் போய்விட்டது. நீரோட்டம் மாறிவிட்டது என்று சனம் சொன்னது. கடலுக்கு அலுத்துப்போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் நீராவிப் பொயிலர்களைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் ஊருக்கு அவர் பொயிலர். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எத்தனையோ பேருக்கு வேலை போனது. அவருக்கும் போனது. அந்த நாட்களில் துறைமுகப் பக்கம் முழுவதும் பிரேதம் எடுத்த வீடு போலக் கிடந்தது. ஆம்பிளைகள் காலையில் எழும்பிச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் படலையடியில் நின்றார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் கொழும்புக்குப் போனார்கள். பொயிலர் அண்ணர் சின்னச் சுத்தியல் ஒன்றோடு ஊரைச் சுற்றத் தொடங்கினார்.

இரும்பைத் தட்டி, சத்தத்தைக் கேட்டு, உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்வதுதான் டொக்யாட்டில் அவர் பார்த்த வேலை. வேலை போனது, தட்டுகிற கை நிற்கவில்லை. வண்டிச் சில்லைத் தட்டுவார். லைட் கம்பத்தைத் தட்டுவார். அடுத்த வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தட்டி, "இது இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு கலியாண வீட்டில் பந்தல் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, பந்தல் விழப்போகிறது என்றார். வந்த சனத்தில் ஒருவரும் உள்ளே இருக்கவில்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஐயரும் மட்டும் பயந்து பயந்து உள்ளே இருக்க, சனம் எல்லாம் வெயிலில் நின்று அரிசி எறிந்தது. பந்தல் விழவில்லை. சடங்கெல்லாம் முடிந்து கழற்றி அடுக்கும்வரை அசையாமல் நின்றது. பிறகு கேட்டதற்கு, "கழட்டினபடியால் தப்பினது" என்றார்.

நான் அடுத்த வளவு. மேசன்மாரோடு கல்லும் மண்ணும் சுமந்து பிழைத்தவள். இதைச் சொல்லும்போது நான் தலை குனிவதாக ஒருவரும் நினைக்க வேண்டாம். நான் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய நிலத்தில் தண்ணீரை ஊற்றினால், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அது நடுவில் நின்று யோசிக்கும். அப்படி ஒரு மட்டம். அதனால்தான் பொயிலர் அண்ணர் தன்னுடைய பெரிய வேலைக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்.

அந்த வேலை அவருடைய மனைவி பவளக்காவுக்காக. பிள்ளை குட்டி இல்லாத வீடு. பவளக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் விட்டபோது இரண்டு காலிலும் இருந்த உணர்ச்சியையும் கொண்டு போய்விட்டது. கட்டிலோடு கிடந்தார். நரம்பு செத்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். பொயிலர் அண்ணர் டொக்டருடைய மேசையை ஒருமுறை தட்டிவிட்டு, ஆறிக் கிடக்கிற பொயிலரைச் செத்துப்போனது என்று டொக்யாட்டில் ஒருவனும் சொல்லமாட்டான், மூட்டினால் எழும்பும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் பவளக்காவை வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, கன்னியாவுக்குக் கொண்டுபோனார். அங்கே பக்கத்துப் பக்கத்தில் வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மூட்டு வலிக்காரர் போய்த் தண்ணீர் வார்ப்பது வழக்கம். நானும் துணைக்குப் போனேன். ஒவ்வொரு கிணறாக அள்ளி அக்காவின் கால்களில் ஊற்றினார். ஆகச் சூடான கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"சுடுதோ?"

பவளக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்," என்றார். "கொஞ்சம் சுடுது."

அந்த மனிதர் வாளியைப் போட்டுவிட்டு ஈர நிலத்திலேயே குந்திவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டிக்காரனோடு சிரித்துக் கதைத்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் குலுங்குகிற வண்டியில் அக்காவை நித்தம் நித்தம் கன்னியாவுக்குக் கொண்டுபோக முடியாது. மாரி தொடங்கினால் கடற்கரை வீடுகளின் சீமெந்து நிலம் வேர்த்து வேர்த்து, கால் வைத்தால் மீன் மேல் வைத்தது போல இருக்கும். அதில் எந்தக் கால் எழும்பும்? இரண்டு நாள் சுத்தியலைத் தொடாமல் யோசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அறை நிலத்தைச் சூடாக்கப் போறன்."

"அண்ணை, சித்திரை வெயிலிலை முத்தத்து மணல் சுடுறது காணாதோ?"

"அது பின்னேரம் ஆறிப்போம். எனக்கு ஆறாத சூடு வேணும்."

வியர்வையைத் துடைக்கத் துவாய் போதாத ஊரில் ஒருவர் நிலத்துக்கு நெருப்பு மூட்டப் போகிறார் என்ற கதை உப்புவெளி வரைக்கும் போனது. அறைச் சன்னலுக்கு வெளியே அவர் தண்ணீர் கொதிக்க வைக்கும் பீப்பாவுக்குக் குழி வெட்டத் தொடங்கியதும், அது எதற்கான குழி என்று சனம் வேலிக்கு மேலால் வேறு கதை கதைத்தது. பவளக்காவின் காதிலும் விழுந்திருக்கும். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டொக்யாட்டில் பழைய சாமான்களை ஏலத்தில் தள்ளிக்கொண்டிருந்த நேரம். குழாய்களை அங்கே எடுத்தார். அதோடு வெள்ளைக்காரத் துரைமார் கோலால் பந்து தள்ளி விளையாடும் பெரிய மேசை ஒன்றையும் எடுத்தார். மேசை எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். அதன் பச்சைத் துணியை உரித்தபோதுதான் தெரிந்தது, கீழே இருந்தது பலகை இல்லை, கண்ணாடி போல இழைத்த சிலேட்டுக்கல். கல்தான் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்றார். அதைத் தூக்கி வந்தவர்கள் முற்றத்தில் போட்டுவிட்டுத் துரைமாரையும் அவரையும் சேர்த்து ஏசினார்கள். அவர் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் கேட்டு, அறைக்கு அளவாக அறுப்பித்தார்.

நிலம் கட்டக் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் மேசன் வந்தார், அவர்கள் அண்ணனைக் காக்கா என்பதால் எங்களுக்கும் அவர் மேசன் காக்கா. கைசுத்தமான வேலைக்காரர், ஆனால் வாய் சும்மா இராது. பழைய சீமெந்தை உடைத்து, முழங்கால் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, அடியை நான் இடித்தேன். அதற்கு மேல் சல்லியும் மணலும் போட்டு மறுபடியும் இடித்தேன். சீமெந்து போடலாம் என்று காக்கா கரண்டியை எடுக்க, பொயிலர் அண்ணர் மறித்தார். சூடு கீழே இறங்கக் கூடாதாம், பூமிக்குச் சூடு கொடுக்க அவரிடம் விறகு இல்லையாம். தம்பலகாமத்து அரிசி மில்லிலிருந்து உமிச்சாம்பலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, சுண்ணாம்போடு குழைத்து ஒரு படை போட வைத்தார். அந்தச் சாம்பலைக் கொட்டிவிட்டு நான் வீதிக்கு வர, எதிரே வந்த ஒரு மனுசி என்னைச் சாமியார் என்று நினைத்துக் கைகூப்பினார். நானும் ஆசீர்வாதம் செய்துவிட்டுத்தான் வந்தேன்.

சாம்பல் படைக்கு மேல் குழாய்கள். பாம்பு வளைந்து வளைந்து போவது போல அறை முழுக்க ஒரே ஓட்டம். வெளியே குழிக்குள் பீப்பா. அதற்குக் கீழே அடுப்பு. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறிக் குழாயில் சுற்றி, ஆறி, திரும்பவும் பீப்பாவுக்கே வந்து சேரும். காக்கா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பார்த்தார். தான் இத்தனை வருஷமும் வீட்டுக்குள் தண்ணீர் வரக் குழாய் வைத்திருக்கிறாராம், வெளியே போக வைத்திருக்கிறாராம். "போன தண்ணி வந்த எடத்துக்கே வாறதுக்கு இப்பதான் வெக்கிறன். இந்தத் தண்ணிக்கு வேற வேல இல்லையா அண்ணன்?" என்று கேட்டார்.

நாலு சுவர் ஓரமும் தும்புக்கயிறு பதித்து இடைவெளி விடச் சொன்னபோது காக்காவுக்குப் பொறுக்கவில்லை. சூடு கண்டால் நிலம் விரியும், இடம் விடாவிட்டால் சுவரைத் தள்ளும் என்று பொயிலர் அண்ணர் விளக்கினார். காக்கா என்னைப் பார்த்து, "கேட்டியா புள்ள, நெலம் விரியுதாம். ஊடு முழுகாம இருக்கு" என்றார். கட்டிலை மற்ற அறைக்கு மாற்றியிருந்தோம். அங்கிருந்து பவளக்கா இருமுவது போல ஒரு சத்தம் கேட்டது. இருமலா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

குழாய்களுக்குள் தண்ணீரை நிரப்பி ஒழுக்கு இல்லை என்று கண்டபின், மேலே சீமெந்துச் சாந்து போட்டு மட்டம் பார்த்தோம். இனித்தான் பொயிலர் அண்ணருடைய சட்டம். சாந்து தன் பாட்டில் காய வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. காய்ந்த பிறகு ஒரு நாள் சின்னச் சூடு, பிறகு ஆற விட வேண்டும், பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, பிறகும் ஆற விட வேண்டும். அதற்குப் பிறகுதான் கல். காய்ந்ததா என்று பார்க்க ஒரு எனாமல் தட்டை நிலத்தில் கவிழ்த்து வைப்பார். அடுத்த நாள் நிமிர்த்தினால் உட்பக்கம் வேர்த்திருக்கும். "இன்னும் அழுகுது" என்று சொல்லிவிட்டுக் கவிழ்ப்பார். வெளியே ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. தட்டும் விடாமல் அழுதது.

கார்த்திகை முடிகிற நேரம் பவளக்கா வாய் திறந்தார். எதையும் கேட்காத மனுசி. மார்கழி பிறந்தால் நல்ல காரியம் செய்ய ஏலாது, அதற்கு முன் ஒரு நல்ல நாளில் அந்த அறையில் பால் காய்ச்ச வேண்டும் என்றார். கோயில் ஐயரும் பஞ்சாங்கத்தைப் பார்த்து மாதக் கடைசியில் ஒரு நாள் சொன்னார். பொயிலர் அண்ணர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஐயரிடம் போய், பஞ்சாங்கத்துக்குச் சீமெந்து தெரியுமா என்று கேட்டுவிட்டு வந்தார். பிறகு அக்காவிடமும் வாதாட வந்தார். பவளக்கா வாதாடவில்லை.

"தை மட்டும் இருப்பனோ தெரியாது," என்றார். "ஒருக்கால் பார்த்துப்போட்டுப் போறன்."

தட்டு அவருடைய கையிலேயே இருந்தது. உள்ளே வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைச் சேலைத் தலைப்பில் துடைக்கும்படி என்னிடம் நீட்டினார். நான் துடைத்தேன். அடுத்த நாளே கல் பதிக்கத் தொடங்கினோம். பாவம் செய்கிறவரைப் போல வேலை செய்தார்.

நல்ல நாளும் வந்தது. விடியவே தேங்காய்ச் சிரட்டையும் விறகும் போட்டுப் பீப்பா அடுப்பை மூட்டியாகிவிட்டது. வீதிப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். ஆசையில் பாதி, விடுப்புப் பார்க்கிற ஆவலில் பாதி. பவளக்காவைக் கதிரையில் வைத்து வாசலடியில் இருத்தினோம். அறை நடுவில் மூன்று கல் வைத்து, பானை ஏற்றி, ஐயர் மந்திரம் சொல்ல, பால் நுரைத்து மேலே வந்தது. அந்த நேரத்தில் நிலத்துக்குள் யாரோ விரல் முறித்தது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூலையில் இருந்த கல் ஒன்று மெல்ல ஒரு பக்கம் எழும்பியது. அதன் இடுக்கால் ஆவி வந்தது. இருந்த பெண்களில் ஒருத்தி சேலையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள். அவள் துள்ளியதும் அவள் இருந்த கல்லும் கிளம்பியது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே வாசலுக்கு வந்து, மிச்சத்தை வெளியே நின்று சொன்னார். கடைசியில் பால் பானைக்குக் கீழே இருந்த நிலக்கல்லே எழும்ப, பானை சரிந்து பால் முழுக்க ஓடியது. எந்தப் பக்கம் ஓடியது? தெற்கு. அதாவது யமனுடைய பக்கம்.

சனம் பவளக்காவைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்தது. மேசன் காக்கா கரண்டியை மடியில் செருகிக்கொண்டு கடைசிப் பஸ்ஸைப் பற்றி முணுமுணுத்தார். பொயிலர் அண்ணர் அறை நடுவில், பாலுக்குள், கையில் சுத்தியலோடு நின்றார். தட்டிப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் பவளக்கா சிரித்தார். முதலில் இருமல் போல வந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, கதிரை ஆட ஆட. "ஐயர் ஓடின ஓட்டத்தைப் பார்த்தீங்களோ," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சனம் மெல்ல நழுவிப் போனது. பொயிலர் அண்ணர் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, முதல் கல்லைப் பெயர்த்துச் சுவரில் சாத்தி வைத்தார்.

மார்கழி முழுக்க மழைக்குள் மறுபடியும் அதே வேலை. காக்கா வரவில்லை. வீட்டில் சுகமில்லை என்று ஆள் அனுப்பினார். வெடித்த சாந்தை உளியால் கொத்தி எடுத்து, புதிதாகப் போட்டு, தட்டைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தோம். இந்த முறை எவர் சொல்லும் எடுபடவில்லை. தட்டு அழுகையை நிறுத்திய பிறகுதான் ஒரு கைப்பிடி சிரட்டை போட்டார். அடுத்த முறை கொஞ்சம் கூட. ஒவ்வொரு கல்லாகப் பதித்து, தட்டி, தலையைச் சரித்துக் கேட்டார். பொய்ச் சத்தம் வந்த கல்லைப் பெயர்த்துத் திரும்ப வைத்தார். நிலம் ஆயத்தமான நாள் அட்டமி என்று ஐயர் சொல்லியனுப்பினார். பொயிலர் அண்ணர் அன்றைக்கே மூட்டினார்.

கல் ஒன்றும் அசையவில்லை. நிலம் முழுக்க மெல்லிய சூடு பரவியது. பவளக்காவைக் கட்டில் ஓரத்தில் இருத்தி, இரண்டு பாதங்களையும் தன் கையால் எடுத்து நிலத்தில் வைத்தார்.

"தெரியுதோ?"

"ஓம்," என்றார் பவளக்கா. "நல்ல பதமாயிருக்கு."

பொயிலர் அண்ணர் வெளியே போனார். நெருப்பைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. சன்னலால் பார்த்தேன், குழியின் ஓரத்தில் இருந்து முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சூட்டைக் கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்குத் தெரிகிறது, நாளைக்கு விரல் அசையும், தைப்பூசத்துக்கு எழும்பி நிற்பாள் என்று வீதியெல்லாம் சொன்னார். ஒரு பின்னேரம் அவர் சிரட்டை வாங்கப் போயிருந்த நேரம், அக்காவுக்குக் கால் கழுவிவிட நான் போனேன். வலது குதிக்காலைத் தூக்கினேன். கொதிநீர்க் குழாய் அறைக்குள் நுழைகிற இடத்தில் அந்தக் கால் இருந்திருக்கிறது. குதி முழுக்கப் பொங்கி, தோல் கழன்று கிடந்தது. பவளக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நோகேல்லையோ?"

"என்ன பிள்ளை, புண்ணோ?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியது அவருக்கும் தெரிந்தது. என் கையைப் பிடித்தார்.

"கன்னியாவிலையும் தெரியேல்லை பிள்ளை. அந்த மனுசன்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னனான். வேலை போன நாளிலை இருந்து அவர் அப்பிடி ஒருக்காலும் என்னைப் பார்க்கேல்லை. சொல்லிப்போடாதை."

நான் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், சிரட்டைச் சாக்கோடு அவர் வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. சாக்கை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு வந்து, குதிக்காலைத் தூக்கிப் பார்த்தார். தட்டிப் பார்ப்பவரைப் போல ஒரு விரலை அந்தப் பாதத்தில் வைத்து எடுத்தார். பிறகு வெளியே போய், எரிந்துகொண்டிருந்த விறகுகளைக் குழியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டார். மழை அவற்றை அணைத்தது.

அதோடு அந்த நிலத்தின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். புண் ஆறியபின் ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், குழிக்குள் கொஞ்சமாகத் தணல். குழாய் வருகிற மூலையிலிருந்து கட்டிலை அறை நடுவுக்கு இழுத்து விட்டிருந்தார். வழமைபோல அக்காவின் பாதங்களை எடுத்து நிலத்தில் வைத்தார்.

"பதமோ?"

"ஓம், பதம்."

இரண்டு பேருடைய குரலும் முன்பு இருந்தது போலவே இருந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. பிறகு என்னிடம் திரும்பினார்.

"தங்கச்சி, காலைக் கழுவிப்போட்டு வா. நீயும் ஒருக்கால் வைச்சுப் பார்."

கட்டிலில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய பாதங்களுக்குப் பக்கத்தில் என் பாதங்களை வைத்தேன். கல்லும் மண்ணும் மிதித்து மரத்துப்போன கால்கள்தான். ஆனாலும் சூடு மெல்ல ஏறியது.

"எப்பிடி இருக்குது?" என்று கேட்டது பவளக்கா. "வடிவாச் சொல்லு பிள்ளை."

கன்றுக்குட்டியின் வயிற்றில் கை வைத்தது போல இருக்கிறது என்று சொன்னேன். பவளக்கா கண்ணை மூடிக்கொண்டார். பொயிலர் அண்ணர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தணலில் ஒரு சிரட்டை கூடப் போட வேண்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

மாரி முடியும்வரை நித்தம் பின்னேரம் கூப்பிடுவார். வேலையால் களைத்து வந்தாலும் போவேன். இன்றைக்குச் சோற்றுப்பானையின் பக்கம் போல, இன்றைக்கு வெயில் தாழ்ந்த மணல் போல என்று நான் சொல்லச் சொல்ல, பவளக்கா கேட்டுக்கொண்டிருப்பார். பொயிலர் அண்ணர் அதற்கேற்ப நெருப்பைக் கூட்டுவார், குறைப்பார். அடுத்த மாரியும் அப்படித்தான், அதற்கடுத்த மாரியும் அப்படித்தான். பவளக்கா கண்ணை மூடும்வரைக்கும் எந்த மாரியிலும் அந்த அடுப்பு அணையவில்லை. அவர் போய் அதிக நாள் செல்ல முன் பொயிலர் அண்ணரும் போய்விட்டார்.

அந்த வருஷங்களில் மழை என்ன கொட்டுக் கொட்டினாலும், திருகோணமலையில் கால் குளிராமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.